நாலாம் வரிசை

பீல் நகரத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெயர்,
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
எனக்கு வரும் முறைப்பாடுகளும் அப்படித்தான்.
எந்த மொழியில் வந்தாலும் ஒரே கோபம்.

சூஸ் வாய்க்காலோரம், முன்பு மணிக்கூடு செய்த கட்டடம்.
மூன்றாம் மாடியில் நாங்கள்
ஊரார் கோப்புகளுக்கு இடம் வாடகைக்கு விடுகிறோம்.
என் வேலை அழிப்பது.
முறைப்பாடு வந்தால் திறந்து பார்ப்பேன்,
பொருந்தினால் அழிப்பேன்.
வராவிட்டால் கதவைத் தொடவும் மாட்டேன்.
"வாடகைக்கு இருப்பவன் அறைக்குள்
வீட்டுக்காரன் எட்டிப் பார்க்கலாமா?"
என்பார் மேலாளர் றெமோ ஏபிஷர்,
மாதச் சந்தாவை உயர்த்திய அதே மூச்சில்.

திங்கட்கிழமைகளில் முதலில் வருவது
சிவநேசராசா அண்ணையின் கடிதம்.
ஞாயிறு பின்னேரம் தியேட்டரை வாடகைக்கு எடுத்து
தமிழ்ப்படம் ஓட்டுகிறவர்.
முந்நூற்றுப் பத்து இருக்கை, போன கிழமை இருபத்தேழு பேர்.
மிஞ்சிய றோல்ஸைப் பெட்டியில் போட்டு
"கொண்டுபோ பிள்ளை" என்று கையில் திணித்தார்.
கடிதத்தில் மட்டும் நான் "மதிப்புக்குரிய அம்மணி".
பிழைபிழையான ஜெர்மனில் எழுதியிருந்தார்:
நான் ஒன்றைக் காட்டினால் நீங்கள் ஒன்றை அழிக்கிறீர்கள்.
அதே படம் அடுத்த அறையில் வேறு பெயரில் படுத்திருக்கிறது.
சாவிக்கொத்து உங்களிடம்தானே,
நான் ஏன் கதவு கதவாகத் தட்ட வேண்டும்?

பதிலுக்கு அச்சடித்த பத்தி ஒன்று என்னிடம் இருந்தது.
அனுப்பினேன்.

மாசியில் வடிகட்டி வந்தது.
ஏற்றும்போதே எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கும் மென்பொருள்.
இனி அண்ணைக்கு எழுத வேலையிராது என்று நினைத்தேன்.
முதல் கிழமையே அது விழுங்கியது
லொசானில் இருக்கும் பத்மலோஜினியின் காணொளியை:
தம்பியின் செத்தவீடு, நாற்பது நிமிடம்,
விசா கிடைக்காத தாய்க்காக எடுத்தது.
மண்டபத்தின் மூலையில் யாரோ போட்டிருக்கிறார்கள்
அவனுக்குப் பிடித்த சினிமாப் பாட்டு,
மூன்று நிமிடம் பத்து விநாடி.
தொலைபேசியில் அவள் அழவில்லை.
"பாட்டை வெட்டிப்போட்டு மிச்சத்தைத் தாங்கோ,
சத்தமே இல்லாட்டிலும் பரவாயில்லை" என்றாள்.
மறுப்புத் தெரிவிக்கப் பதினான்கு நாள்.
அவள் அழைத்தது பதினாறாம் நாள்.

றெமோ வடிகட்டியின் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கினார்.
அண்ணையின் கடிதங்கள் திரும்ப வந்தன.

எவ்வளவு தூரம் போவதென்று
வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு மொழியிலும் கதைத்தோம்.
சட்டத்தரணி ஒரு வரைபடம் காட்டினார்,
அதில் தூரத்துக்குச் சதவீதம் போட்டிருந்தது.
நான் பத்மலோஜினியைச் சொன்னேன், தலையாட்டினார்கள்.
இருபத்தேழு பேரைச் சொன்னேன், அதற்கும் ஆட்டினார்கள்.

இந்த ஞாயிறு
நாலாம் வரிசையில் ஓரத்து இருக்கை.
விளக்கணைந்து பெயர்கள் ஓடி முடிந்தபோது
பின்கழுத்தில் ஒரு வெளிச்சம் ஊர்ந்தது.
பார்க்காமலே தெரியும், உயர்த்திய போன்.
விற்கத்தான் எடுக்கிறானோ,
ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குப் போன மனைவிக்கோ.
இரண்டுக்கும் ஒரே வெளிச்சம்.
இன்றைக்கு எனக்கு லீவு என்று
தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன்.
வாசலில் அண்ணை
கிழித்த டிக்கெட்டின் அடிக்கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
பத்தொன்பது.

திங்கள். கடிதம். இணைப்பு.
திறந்தேன்.
திரையின் கீழே, இடது மூலையில் ஒரு தலை.
கொண்டை, அதில் பச்சைக் கிளிப்.
கதாநாயகி எங்கே போய் அழுதாலும்
அவள் மடியில் அது கறுப்பாகக் கிடக்கிறது.
வடிகட்டிக்குப் படம் பிடிபடாததற்கு
அந்தத் தலைதான் காரணம் என்றான் பக்கத்து மேசைப் பையன்,
என்னை நிமிர்ந்து பார்க்காமல்.

நீக்கும் காரணம்: ஆறு தெரிவுகள்.
நான் அங்கே இருந்தேன் என்பது அதில் இல்லை.
இரண்டாவதைத் தெரிந்தேன்.
அழிக்க முதல் கொஞ்சம் ஓடவிட்டேன்.

பதினேழாவது நிமிடத்தில்
அந்தத் தலை அசைகிறது.
காது வருகிறது, தோட்டில் ஒரு மினுக்கம்.
கன்னம் தெரிய இன்னும் இரண்டு விரற்கடை.
பிறகு
படத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது.